ஓராங் ஊத்தான்: 'காட்டு மனிதன்' என்ற பெயருக்குள் ஒரு வரலாறு

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கில அகராதியில் உள்ள விலங்குப் பெயர்கள் எல்லாம் இங்கிலாந்தில் பிறந்தவை என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அது அப்படி அல்ல. வெள்ளைக்காரன் கப்பலேறி வந்தபோது அவன் ஊரில் இல்லாத விலங்குகளைக் கண்டான். கண்டதற்குப் பெயர் வேண்டுமே! பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரரைக் கேட்டான். அவர் சொன்னதை அவன் காதில் விழுந்தபடி எழுதிக் கொண்டான். 'பேண்டிகூட்' என்ற பெருச்சாளியின் பெயர் தெலுங்கிலிருந்து போனது. 'பன்றி எலி' என்று பொருள் தரும் 'பந்தி கொக்கு' என்பதே அதன் மூலம். 'மங்கூஸ்' என்ற கீரிப்பிள்ளையின் பெயர் மராத்தியிலிருந்து போனது. நம் மலாய் மொழி கொடுத்த பெயர்களோ ஒன்றிரண்டு அல்ல. எறும்புத்தின்னியான 'பெங்கோலின்', கிளியினமான 'காக்கட்டூ', கடற்பசுவான 'டூகோங்' எல்லாம் மலாய்ச் சொற்களே.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் தமிழும் சும்மா இருக்கவில்லை. மலாய்க்காரர்கள் கழுதையைக் 'கெல்டாய்' என்கிறார்களே, அது நம்முடைய 'கழுதை' தான்! 'கெடாய்' நம் கடை. 'கப்பால்' நம் கப்பல். சரக்கோடு சரக்காகச் சொல்லையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் முன்னோர்.

ஆனால் இன்று நான் பேச வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. உலகத்தின் எந்த மூலையில் உள்ள குழந்தையும் படம் பார்த்துச் சொல்லிவிடும் பெயர் அது. ஓராங் ஊத்தான்.

'ஓராங்' என்றால் ஆள், மனிதன். 'ஊத்தான்' என்றால் காடு. காட்டு மனிதன். மலாய் தெரிந்த நமக்கு இதில் ஒரு புதிரும் இல்லை. சுங்கை வேயில் பேருந்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் பொருள் சொல்லிவிடும். ஆனால் எளிமையான இந்த இரண்டு சொற்கள் ஐரோப்பாவுக்குப் போய்ச் செய்த கலகம் இருக்கிறதே, அது கொஞ்ச நஞ்சமல்ல. மனிதன் யார், விலங்கு எது என்ற கேள்வியையே அது புரட்டிப் போட்டது. அந்தக் கேள்வி கடைசியில் நம் தோட்டத்து வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. அதனால்தான் இதை வெறும் அகராதிச் செய்தியாக விட்டுவிட மனமில்லை.

வாலில்லா விலங்குக்கு வால் கணக்கு

முதலில் நம் தமிழைப் பார்ப்போம். தொல்காப்பியர் உலகத்துப் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. மனிதனை 'ஒருவன்', 'ஒருத்தி' என்போம்; மாட்டை 'ஒன்று' என்போம். குரங்கைப் பற்றியும் நம் முன்னோர் நுட்பமாகவே பேசியிருக்கிறார்கள். ஆண் குரங்கு கடுவன், பெண் குரங்கு மந்தி என்று தனித்தனிப் பெயர் வைத்தார்கள். ஆனால் எவ்வளவு செல்லப் பெயர் வைத்தாலும் குரங்கு அஃறிணைதான்.

மலாய் மொழியிலும் இப்படி ஒரு கோடு உண்டு. மனிதரை எண்ணும்போது 'டுவா ஓராங்' என்பார்கள், இரண்டு ஆள் என்று. விலங்கை எண்ணும்போது 'டுவா ஏக்கோர்' என்பார்கள். 'ஏக்கோர்' என்றால் வால். இரண்டு வால் மாடு, மூன்று வால் ஆடு!

இப்போது ஓராங் ஊத்தானை எப்படி எண்ணுவது? பெயரில் 'ஓராங்' என்று ஆளாக இருக்கிறது. ஆனாலும் 'செஏக்கோர் ஓராங் ஊத்தான்' என்றுதான் சொல்ல வேண்டும். அதாவது, ஒரு வால் காட்டு மனிதன்! இதில் வேடிக்கை என்னவென்றால், ஓராங் ஊத்தானுக்கு வாலே கிடையாது. இல்லாத வாலை வைத்து அதை விலங்காக்கிவிடுகிறது இலக்கணம். பெயர் உயர்திணை, கணக்கு அஃறிணை. இந்த இழுபறிதான் இச்சொல்லின் முழு வரலாறும்.

இராமாயணத்தில் ஓராங் ஊத்தான்

நெடுங்காலமாக ஒரு கதை சொல்லப்பட்டு வந்தது. மலாய் மக்கள் 'ஓராங் ஊத்தான்' என்று காட்டில் வாழும் மனிதர்களைத்தான் குறித்தார்கள், வெள்ளைக்காரர்கள்தான் தவறாகப் புரிந்துகொண்டு குரங்குக்கு அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள் என்பது அக்கதை. பல நூல்களில் இது அச்சேறி இருக்கிறது.

ஆனால் பழைய ஜாவா மொழி இலக்கியங்களை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜாவாவில் 9ஆம் நூற்றாண்டிலோ 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ இயற்றப்பட்ட 'காக்கவின் ராமாயணா' என்ற காவியத்திலேயே இந்தச் சொல் விலங்கின் பெயராக வந்துவிடுகிறது. ஆம், நம் இராமாயணத்தின் ஜாவா வடிவத்தில்தான்! இந்தச் சொல் ஜாவா மொழிக்குச் சொந்தமானதும் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மலாய்க் குடும்பத்து மொழியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது என்கிறார்கள். அப்படியானால், வெள்ளைக்காரன் பெயர் வைத்தான் என்ற கதை அடிபட்டுப் போகிறது. அவனுடைய கப்பல் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே நம் வட்டாரத்து மக்கள் இந்த விலங்குக்கு 'காட்டு மனிதன்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

இராமாயணம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வர வேண்டும். 'வானரம்' என்ற சொல்லை நாம் அறிவோம். வனம் என்றால் காடு. நரன் என்றால் மனிதன். வன நரன், வானரன் என்று பிரித்துப் பொருள் சொல்லும் மரபு நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. இலக்கணம் கற்றோர் இதற்கு வேறு பிரிப்பும் சொல்வார்கள். ஆனால் மக்கள் மனத்தில் நின்றது 'காட்டு மனிதன்' என்ற பொருளே. அதே பொருளில் கடலுக்கு இப்பால் 'ஓராங் ஊத்தான்'. இரண்டு கரைகளில் இரண்டு மொழிகள்; எண்ணம் ஒன்று! பத்துமலையில் அனுமன் சிலையின் முன் கைகூப்பி நிற்கும் நமக்கு, குரங்கை மனிதனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது புதிதா என்ன?

அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பெயரும் வைத்திருந்தார்கள். சரவாக்கில் 'மாயாஸ்', சுமத்திராவில் 'மாவாஸ்', சபாவின் கடசான் டூசுன் மக்களிடம் 'கோகியு'. ஆனால் உலகச் சந்தையில் விலை போனது ஓராங் ஊத்தான் என்ற பெயரே.

பேசினால் வேலை வாங்குவார்கள்!

இனி இந்தச் சொல் கப்பலேறிய கதைக்கு வருவோம்.

ஜேக்கப் போண்டியுஸ் என்பவர் டச்சு மருத்துவர். இன்றைய ஜகார்த்தா அன்று பத்தாவியா. அங்கே பணிபுரிந்து 1631இல் அங்கேயே இறந்தவர். அவருடைய குறிப்புகள் 1658இல் விரிவாக அச்சாயின. அதில் ஓராங் ஊத்தான் பற்றிய குறிப்பும் படமும் உண்டு. படத்தைப் பார்த்தால் உடல் முழுக்க முடி முளைத்த ஒரு பெண் நிற்பது போல இருக்கும்!

அந்தக் குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. ஓராங் ஊத்தானுக்குப் பேச வரும், ஆனால் அது பேச விரும்புவதில்லை, பேசினால் தன்னை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துவார்கள் என்று அது வாயை மூடிக் கொண்டிருக்கிறது என ஜாவா மக்கள் சொல்வதாக அவர் எழுதி வைத்தார்.

அன்பர்களே, இதை வாசித்துவிட்டு நான் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. இதைச் சொன்ன ஜாவா மக்கள் யார்? டச்சுக்காரன் காலடி வைத்த மண்ணின் மக்கள். 'மனிதன்' என்று தெரிந்துவிட்டால் வேலை வாங்கிவிடுவான் என்பது அவர்கள் பட்டறிந்த உண்மையாக இருந்திருக்க வேண்டும். குரங்கைப் பற்றிச் சொன்ன கதை போல இருந்தாலும், அது எசமானனைப் பற்றிய கதை!

பெயர் மாறாட்டம்

போண்டியுஸ் எழுதியது அச்சாவதற்கு முன்பே இந்தச் சொல் ஐரோப்பாவில் அச்சேறிவிட்டது. 1641இல் நிக்கோலாஸ் துல்ப் என்ற ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் தம் நூலில் ஒரு குரங்கைப் பற்றி எழுதினார். ஓவியர் ரெம்பிராண்ட் 1632இல் தீட்டிய புகழ்பெற்ற உடற்கூறு ஓவியத்தில், பிணத்தை அறுத்து விளக்கம் சொல்லும் மருத்துவர் இவர்தான். ஆரஞ்சு இளவரசருக்குப் பரிசாக வந்த அந்தக் குரங்கைத் துல்ப் 'ஓராங் ஊத்தான்' என்று குறித்தார். ஆனால் அது வந்தது போர்னியோவிலிருந்து அல்ல, ஆப்பிரிக்காவின் அங்கோலாவிலிருந்து!

1699இல் இலண்டன் மருத்துவர் எட்வர்ட் டைசன் ஒரு 'ஓராங் ஊத்தானை' அறுத்து ஆராய்ந்து தனி நூலே எழுதினார். 48 கூறுகளில் அது குரங்கைவிட மனிதனுக்கு நெருக்கம், 34 கூறுகளில் மனிதனைவிடக் குரங்குக்கு நெருக்கம் என்று பட்டியல் போட்டார். அருமையான ஆராய்ச்சிதான். ஆனால் அவர் அறுத்ததும் ஆப்பிரிக்கச் சிம்பன்சியே. 'சிம்பன்சி' என்ற சொல் ஆங்கிலத்துக்கு வந்தது 1738இல். கொரில்லா அறிவியல் நூலுக்குள் வந்தது 1847இல். அதுவரை ஐரோப்பியருக்கு வாலில்லாப் பெருங்குரங்கு எல்லாமே ஓராங் ஊத்தான்தான்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடந்தது. போர்த்துகீசியரிடம் சிறைப்பட்டு அங்கோலாப் பகுதியில் இருந்த ஆண்ட்ரூ பேட்டல் என்ற ஆங்கிலேயர், அங்கே கேள்விப்பட்ட ஒரு பெருங்குரங்கைப் 'பொங்கோ' என்றார். அது பெரும்பாலும் கொரில்லாவாக இருக்கலாம். ஆனால் பிரெஞ்சு அறிஞர் லசெபேட் 1799இல் அந்த ஆப்பிரிக்கப் பெயரை எடுத்து நம் ஊர் ஓராங் ஊத்தானுக்குச் சூட்டிவிட்டார். இன்றும் அறிவியலில் அதன் பேரினப் பெயர் பொங்கோதான். ஆப்பிரிக்கக் குரங்குக்கு மலாய்ப் பெயர், மலாய்க் காட்டுக் குரங்குக்கு ஆப்பிரிக்கப் பெயர்! மாப்பிள்ளை மாலையைத் தோழனுக்குப் போட்டது போலத்தான்.

எழுத்திலும் ஒரு குளறுபடி. ஐரோப்பியர் சொல்லின் கடைசியில் ஓர் ஓசையை ஒட்டி 'ஓராங் ஊத்தாங்' என்று எழுதத் தொடங்கினார்கள். இன்றும் வெளிநாட்டார் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நம் காதுக்கு அது எப்படி விழும்? 'ஊத்தாங்' என்றால் கடன். காட்டு மனிதன், ஓர் ஓசை மாற்றத்தில் கடன்கார மனிதனாகிவிட்டான்! பாவம், காட்டில் அத்திப்பழமும் முள்நாறியும் தின்று திரியும் அந்த உயிர் யாரிடம் கடன் வாங்கியது? உண்மையைச் சொன்னால், நாம்தான் அதற்குக் கடன்பட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு வருகிறேன்.

மனிதன் என்றும் சொன்னார்கள், மனிதன் இல்லை என்றும் சொன்னார்கள்

18ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயர் ஐரோப்பிய அறிஞர்களைத் தூங்கவிடவில்லை. உயிரினங்களுக்கு முறையாகப் பெயர் வைத்த சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1758இல் மனித இனத்தோடு சேர்த்து 'குகை மனிதன்' என்று இன்னொரு வகையையும் வைத்தார். அதற்கு அவர் காட்டிய ஆதாரங்களில் போண்டியுஸ் குறிப்பும் ஒன்று. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1755இல், இவை மனிதராகவே இருக்கக்கூடுமோ என்று ஐயம் எழுப்பினார். ஸ்காட்லாந்தின் மொன்போடோ பிரபு அதையும் தாண்டி, ஓராங் ஊத்தான் மனிதனே, பேச்சு மட்டும்தான் இன்னும் கைகூடவில்லை என்று 1770களில் நூல் எழுதினார். பலர் அவரைக் கேலி செய்தார்கள்.

இந்தக் குழப்பத்தை அறுத்துப் பார்த்துத் தீர்த்தவர் டச்சு அறிஞர் பெட்ரஸ் கேம்பர். போர்னியோவிலிருந்து வந்த உண்மையான ஓராங் ஊத்தான்களின் தொண்டையை அறுத்து ஆராய்ந்து, இந்த அமைப்பை வைத்துக் கொண்டு மனிதனைப் போலப் பேச முடியாது என்று 1779இல் எழுதினார். வேலைக்குப் பயந்து வாய்மூடி இருக்கிறது என்ற கதை அதோடு முடிந்தது.

ஆனால் அன்பர்களே, இதே காலத்தில் இந்தச் சொல்லை வைத்து ஒரு பெரும் அநியாயமும் நடந்தது. 1774இல் ஜமைக்கா வரலாறு எழுதிய எட்வர்ட் லோங் என்ற தோட்ட முதலாளி, ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களை ஓராங் ஊத்தானுக்கு நெருக்கமானவர்களாகக் காட்டினார். எதற்காக? அடிமை முறையை நியாயப்படுத்துவதற்காக! ஒரு பக்கம் குரங்கை மனிதனாக்கலாமா என்று வாதம். மறுபக்கம் மனிதனைக் குரங்காக்கும் வஞ்சகம். இரண்டுக்கும் பயன்பட்டது ஒரே சொல். கரும்புத் தோட்டத்தில் இலவசமாக வேலை வாங்க வேண்டுமானால், வேலை செய்பவன் முழு மனிதன் இல்லை என்று எழுதி வைத்தாக வேண்டும். சொல் எவ்வளவு ஆபத்தான ஆயுதம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரவாக் காட்டில் ஒரு குட்டி

19ஆம் நூற்றாண்டில் கதை மீண்டும் நம் பக்கம் திரும்புகிறது. 1838இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஜென்னி என்ற ஓராங் ஊத்தானைச் சார்லஸ் டார்வின் பார்த்தார். காவலர் ஆப்பிளைக் காட்டிவிட்டுத் தராமல் இருந்தபோது அது பிள்ளையைப் போல அடம்பிடித்து அழுததைக் குறித்து வைத்தார்.

டார்வினோடு சேர்த்துப் பேசப்பட வேண்டிய ஆல்பிரட் வாலஸ் நம் சரவாக்குக்கே வந்தார். 1855இல் சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் தங்கி, ஓராங் ஊத்தான்களைச் சுட்டு, எலும்பையும் தோலையும் அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். அன்று அதுதான் ஆராய்ச்சி முறை. ஒரு தாயைச் சுட்டு வீழ்த்தியபோது அதன் குட்டி சேற்றில் கிடப்பதைக் கண்டார். தூக்கி வந்து வளர்த்தார். பால் கிடைக்கவில்லை, அரிசிக் கஞ்சித் தண்ணீரைப் புட்டியில் ஊற்றிப் புகட்டினார். குளிப்பாட்டினார், தலை வாரிவிட்டார். ஏறக்குறைய மூன்று மாதத்தில் அது இறந்து போனது. 1869இல் வெளியான அவருடைய நூலின் துணைத் தலைப்பிலேயே ஓராங் ஊத்தான் இடம்பெற்றது. தாயைச் சுட்ட கைதான் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டியது.

அந்த மாதிரியான அநாதைக் குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி அனுப்பும் பணி பின்னாளில் இந்த மண்ணில்தான் பெரிதாக வளர்ந்தது. 1950களில் கூச்சிங்கில் பார்பரா ஹாரிசன் அம்மையார் தம் வீட்டிலேயே குட்டிகளை வளர்க்கத் தொடங்கினார். 1964இல் சபாவின் சண்டக்கான் அருகே செபிலோக் மறுவாழ்வு மையம் பிறந்தது. 1975இல் சரவாக்கில் செமெங்கோ மையம். நம் கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகளோ 1963இல் திறக்கப்பட்ட தேசிய விலங்குக் காட்சிசாலையில்தான் பெரும்பாலும் இதைப் பார்த்திருப்பார்கள். தீபகற்ப மலேசியாவின் காடுகளில் இது இயற்கையாக இன்று வாழ்வதில்லை.

நம்மையும் ஒரு பெயரால்தான் அழைத்தார்கள்

இதையெல்லாம் ஏன் தமிழ்ப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்வி.

ஆங்கில அகராதியில் இன்னொரு சொல் இருக்கிறது. 'கூலி'. உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியத்துக்கு நாம் வைத்திருந்த நல்ல தமிழ்ச் சொல் கூலி. அதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் என்று பலர் சொல்கிறார்கள். குசராத்தின் 'கோலி' இனப்பெயரைக் காட்டுவோரும் உண்டு. எதுவாயினும், ஆங்கிலக் கப்பலில் அது ஊதியத்தின் பெயராக இல்லை, ஆளின் பெயராகிவிட்டது. வாங்கும் காசு போய், வாங்குகிறவனே 'கூலி' ஆனான். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணி முறை கோலோச்சியது. கப்பல் கட்டணம், முன்பணம் என்று எழுதிய கடனைச் சுமந்துகொண்டு வந்தவர்கள் ஏராளம். சற்று முன் 'ஓராங் ஊத்தாங்', கடன்கார மனிதன் என்று சிரித்தோமே, அந்தப் பெயர் பொருந்தியது அன்று காட்டுக் குரங்குக்கு அல்ல; நம் பாட்டன் பூட்டனுக்கு! விடியற்காலைப் பெரட்டில் அவர்களைப் பேர் சொல்லியா எண்ணினார்கள்? தலையைத்தானே எண்ணினார்கள்!

'கெலிங்' என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். கலிங்கம் என்ற பெருமைமிக்க நாட்டின் பெயர். மலாக்காவில் 1748இல் கட்டப்பட்ட கம்போங் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அப்பெயரோடு மரியாதையாக நிற்கிறது. அதே சொல் பின்னாளில் நம்மவரைச் சுடுகிற சொல்லாக மாறிப்போனது. நம் நாட்டின் பூர்வகுடி மக்களை ஒரு காலத்தில் 'சாக்காய்' என்றார்கள். அடிமை என்ற வாடை வீசும் சொல் அது. அவசரகாலத்தின்போதும் அதன் பின்னரும்தான் 'ஓராங் அஸ்லி', அதாவது ஆதி மனிதர் என்ற பெயர் நிலைபெற்றது. பாருங்கள், மரியாதை கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது முன்னால் வைத்த சொல் எது? 'ஓராங்'! மனிதன் என்ற அந்த ஒரு சொல்லுக்காக மக்கள் கூட்டங்கள் எவ்வளவு காலம் காத்திருந்திருக்கின்றன! நம் முன்னோர் அந்தக் குரங்குக்கு அதைக் கேட்காமலே கொடுத்திருக்கிறார்கள்.

செம்பனையின் நிழலில்

இப்போது கடன் பாக்கிக்கு வருகிறேன்.

இந்த நாட்டில் வாணிப முறையில் முதல் செம்பனைத் தோட்டம் 1917இல் நம் சிலாங்கூரில்தான் உருவானது. கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தெனமாரம் தோட்டம். அமைத்தவர் என்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1960களுக்குப் பிறகு பால்மரம் சாய்ந்தது, செம்பனை நிமிர்ந்தது. செம்பனைக்குப் பால்மரத்தின் அளவுக்கு ஆள் தேவையில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தை விட்டு வெளியேறிய நம்மவர் பிள்ளைகளில் எத்தனையோ பேர் சுங்கை வே போன்ற இடங்களின் தொழிற்சாலைகளில் வந்து சேர்ந்தார்கள். சுங்கை வேக்குச் செரி செத்தியா என்று அதிகாரப்பூர்வப் பெயர் வந்த பிறகும் நாம் சுங்கை வே என்றுதானே சொல்கிறோம்? வாழ்ந்த இடத்தின் பெயரை மனிதன் எளிதில் விடமாட்டான்.

அதே செம்பனை கடல் தாண்டிச் சபாவுக்கும் சரவாக்குக்கும் கலிமந்தானுக்கும் சுமத்திராவுக்கும் பரவியது. அங்கே சாய்ந்தது பால்மரம் அல்ல. ஓராங் ஊத்தானின் வீடான பெருங்காடு. நான் மனிதரையும் குரங்கையும் ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீடு என்னென்ன கொடுமை செய்தது என்பதை மேலே பார்த்தோம். நான் சொல்வது, ஒரே பயிர்க் கணக்கில் இரண்டு பேரின் இருப்பிடமும் செலவுப் பத்தியில் எழுதப்பட்டது என்பதையே.

ஓராங் ஊத்தான் தாய் ஒரு குட்டி போட்டால், அடுத்த குட்டிக்கு ஏறக்குறைய ஏழு எட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை பிள்ளையைக் கூடவே வைத்து, எந்தப் பழம் எப்போது பழுக்கும் என்று பாடம் சொல்லிக் கொடுக்கும். இப்படி மெதுவாகப் பெருகும் இனம், விரைந்து அழியும் காட்டோடு போட்டி போட முடியுமா? 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எடுத்த கணக்கில் சபாவில் சுமார் 11,000 ஓராங் ஊத்தான்கள் இருந்தன. 2016இல் போர்னியோ ஓராங் ஊத்தான், அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் அறிவிக்கப்பட்டது. 2017இல் சுமத்திராவின் தாப்பனூலியில் மூன்றாவதாக ஒரு தனி இனம் இருப்பதை அறிவியல் கண்டறிந்தது. பெயர் வைத்தபோதே அதில் எஞ்சியிருந்தவை 800க்கும் குறைவு!

2024 மே மாதம், செம்பனை எண்ணெய் வாங்கும் நாடுகளுக்கு ஓராங் ஊத்தான்களைப் பரிசாக அனுப்பலாம் என்று நம் அரசாங்கம் ஒரு திட்டத்தை அறிவித்தது. சீனாவின் பாண்டா கரடி போல என்றார்கள். இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் திட்டம் மாற்றப்பட்டது. ஓராங் ஊத்தான்கள் தங்கள் காட்டிலேயே இருக்கட்டும், எண்ணெய் வாங்குவோர் அவற்றின் பாதுகாப்புக்கு உதவலாம் என்று சொல்லப்பட்டது. இருக்கிற இடத்திலேயே வாழவிடுவதுதான் நல்ல பரிசு.

முடிவாக ஒரு சொல்

சொல்லாராய்ச்சி என்பது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. ஒரு பெயரைப் பிரித்துப் பார்த்தால், யார் யாரை மனிதராக மதித்தார்கள், யார் யாரைத் தலைக்கணக்கில் எழுதினார்கள் என்பது தெரிந்துவிடும். ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்த வட்டாரத்து மனிதர் ஒருவர் மரக்கிளையில் செம்மயிர் போர்த்திய ஓர் உருவத்தைக் கண்டு, 'இவரும் ஓர் ஆள்தான், காட்டு ஆள்' என்று சொன்னார். அந்தப் பெருந்தன்மை அகராதியில் பத்திரமாக இருக்கிறது. காட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை உங்கள் பிள்ளை படம் பார்த்து 'ஓராங் ஊத்தான்' என்று சொல்லும்போது, அதன் பொருளையும் கேளுங்கள். 'காட்டு மனிதன்' என்று பிள்ளை சொல்லும். "காடு இல்லாவிட்டால் அதை என்ன பெயர் சொல்லி அழைப்பாய்?" என்று இன்னொரு கேள்வியும் கேட்டு வையுங்கள்.